இரண்டு நிமிட இருட்டு

அப்பாவின் செஸ் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரையை எடுத்து வந்து, பல்கலைக்கழக இருட்டறையில் ஒரு கருங்கல் பலகையின் நடுவே ஒட்டினாள். பலகைக்குக் கீழே பாதிக் காற்றடைத்த நான்கு ஸ்கூட்டர் ட்யூப்கள். அதற்குக் கீழே மேசை. பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை இழுத்தாலும் குதிரைக்குத் தெரியக் கூடாது.

ஹோலோகிராம் எடுக்க இரண்டு வேண்டும். இருட்டு வேண்டும், அசைவின்மை வேண்டும். லேசர் ஒளி கண்ணாடித் தகட்டின் வழியே போய்க் குதிரையைத் தொட்டு, திரும்பி வந்து அதே தகட்டில் பதியும். நாற்பது நொடி வேலை. அந்த நாற்பது நொடியில் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைந்த பொருள்கூடத் தகட்டில் விழாது. அது இருந்த இடம் கறுப்பாக, ஓட்டை மாதிரி இருக்கும். எதுவும் அசையவில்லை என்றால், குதிரையை எடுத்துப் போன பிறகும், டார்ச் அடித்தால் கண்ணாடிக்குப் பின்னால் குதிரை நிற்கும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் அதன் மறுபக்கத்துக் காது தெரியும்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அவள் எழுதிக் கொடுத்திருந்தது இதைத்தான். எடுத்துக் காட்டினால் பட்டம். இல்லையென்றால் இன்னொரு வருடம். துறையில் மூன்று தகடுகள் மிச்சம் இருந்தன; வெளிச்சம் பட்டால் அவை பாழ். நான்காவது வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம். ஒன்றரை வருடத்தில் வரும்.

குதிரையைத் திங்கட்கிழமை ஒட்டினாள். பசை காயட்டும் என்று விட்டுவிட்டுப் புதன்கிழமை போனபோது கதவில் புதுப் பூட்டு. பூட்டுக்கு மேலே ஒரு பலகை: ஒளியியல் மாணவர் மன்றம். அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.

ஆய்வக அக்கா அங்கே கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அந்த ஆய்வகத்தில் எல்லாம் அவள் பொறுப்பு. சாவிகள் தவிர.

"மன்றம் எடுத்துக்கிச்சும்மா. அவங்களுக்கு ஆபீஸ் வேணுமாம்."

"இருட்டறையிலயா?"

"ஒளிக்கு ஒரு மன்றம் இருக்கும்போது இருட்டுக்கு எதுக்கு ஒரு அறைன்னு ஆலோசகர் சார் எழுதிக் கேட்டாராம். நாலு ட்யூப்லைட்டு மாட்டிட்டுப் போயிட்டாங்க. உன் குதிரையைத் தொடலை. நான் நின்னு பாத்துக்கிட்டேன்."

மன்றத்தின் ஆலோசகர் ஒரு பேராசிரியர். அவள் திட்டப்பணிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பளிச். கூட்டத்தில் எங்கே நின்றாலும், எவரோடு பேசினாலும், கேமரா எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைக்கு அவர் முகம் தானாகத் திரும்பும். கையில் எப்போதும் ஒரு கேடயம் இருக்கும். சென்ற ஆண்டின் சிறந்த மன்றம் என்று, மன்றங்களுக்கெல்லாம் மேலான தலைமைச் சங்கம் கொடுத்த கேடயம். அலமாரியில் வைத்தால் தூசி படியும் என்பார். கழிப்பறைக்குப் போகும்போது மட்டும் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவார். வந்ததும் எண்ணிப் பார்ப்பதுபோல் வாங்கிக்கொள்வார். ஒரே ஒரு கேடயம்தான்.

அவரிடம் போய்ச் சாவி கேட்டாள்.

சாவி செயலாளரிடம்தான் இருக்க வேண்டும், அது விதி என்றார். செயலாளர் யார் என்று கேட்டாள். இன்னும் யாரும் இல்லை என்றார். சொல்லிவிட்டு அவளையே பார்த்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். இப்போது சாவியைக் கேட்டாள். திறப்பு விழா முடியாமல் சாவியைப் பயன்படுத்தக் கூடாது, அதுவும் விதி என்றார்.

அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் செயலாளர். வீட்டிலும்கூட.

அப்பா பேருந்து ஓட்டுநர். காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் மாலையில் மாடி வீட்டுத் தையல்காரரோடு செஸ் ஆடுவார். குதிரை போன இடத்தில் இருமல் மருந்துப் பாட்டிலின் மூடி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என்ன செயலாளரே, குதிரை எப்ப வரும்?"

"திறப்பு விழா முடியட்டும்ப்பா."

"சரி. அதுவரைக்கும் இது பொறுப்புக் குதிரை." மூடியைத் தூக்கி இரண்டு கட்டம் நேராகவும் ஒரு கட்டம் பக்கவாட்டிலும் வைத்தார். தையல்காரர் மூடியைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

திறப்பு விழாவுக்குப் பதிவாளர் வந்தார். ரிப்பன் வெட்டினார். இருட்டறையில் நான்கு ட்யூப்லைட்டும் ஒரே நேரத்தில் எரிந்தன. கூட்டம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கைதட்டியது. ஆலோசகர் பேசினார்.

"ஒளி என்றால் என்ன? பலரும் பல விதமாகச் சொல்வார்கள். அலை என்பார்கள், துகள் என்பார்கள். இந்த மன்றம் சொல்கிறது: ஒளி என்றால் படம். படம் என்றால் ஆதாரம். ஆதாரம் இல்லாத ஒளி இருட்டுக்குச் சமம். சென்ற ஆண்டு நாம் நூற்று அறுபது படங்கள் அனுப்பினோம். இந்த ஆண்டு இருநூறு. இதுதான் முன்னேற்றம்."

மன்றப் படக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தார். அவர் மாணவர் இல்லை, ஆசிரியரும் இல்லை. கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தவரை ஆலோசகர் நேரடியாக அழைத்து வந்திருந்தார்.

பதிவாளருக்கு ஏதாவது காட்ட வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. மேசை மேல் கறுப்பு உறை போட்ட பெட்டி இருந்தது. செயலாளர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதற்குள் பதிவாளர் அதைத் திறந்து ஒரு தகட்டை வெளியே எடுத்துவிட்டார். மூடியை மறுபடி போட்டது அக்காவின் கை. மீதி இரண்டும் கறுப்புத் தாளில் சுற்றியிருந்ததால் தப்பித்தன. வெளியே வந்த தகட்டை அவர் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். பளிச். இன்னொன்று. பளிச்.

"இவ்வளவுதானா? வெறும் கண்ணாடி மாதிரி இருக்கே," என்றார் பதிவாளர்.

"இனிமே வெறும் கண்ணாடிதான் சார்," என்றாள் செயலாளர். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

விழா முடிந்து சாவி கிடைத்தது. லேசர் கிடைக்கவில்லை. லேசர் பீரோவில் இருந்தது. பீரோ சாவி ஆலோசகரிடம் இருந்தது. கருவியை எடுத்தால் உடையலாம், உடைந்தால் அதையும் ஆண்டறிக்கையில் எழுத வேண்டிவரும் என்றார். மன்றத்தின் செயல்பாடுகள் முடியட்டும். பன்னிரண்டு செயல்பாடுகள்தானே.

தலைமைச் சங்கத்தின் படிவம் அப்படித்தான் இருந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு படங்கள்: வரவேற்பு, உரை, பரிசு, குழு. என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எழுத இடம் இல்லை. படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்திலும் இல்லை.

இரண்டாவது செயல்பாடு, ஒளி விழிப்புணர்வு நடை. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒளியைப் பற்றித் தெரியாதவர்களுக்குத் தெரியப்படுத்த, அறுபது பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தார்கள். மூன்றாவது, வினாடி வினா. முதல் கேள்வி, மன்றத்தின் ஆலோசகர் யார். இரண்டு பேர் தவறாகச் சொன்னார்கள். அதனால் மறுவாரம் ஒரு பயிலரங்கம் நடத்த வேண்டியதாயிற்று, அது நான்காவது. லென்ஸ் தூய்மை நாள் அன்று லென்ஸில் கீறல் விழும் என்று பெயர்ப்பலகையைத் துடைத்தார்கள். அறிவியல் காட்சியகத்துக்குப் போன நாள் அங்கே வார விடுமுறை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் குழுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். படத்தில் கேட் தெரியாதபடி உயரமானவர்களைப் பின்னால் நிறுத்தினார் படக்காரர்.

ஆய்வில் அமைதியின் பங்கு என்று ஒரு சொற்பொழிவு நடந்தது. இருட்டறையிலேயே, இரண்டு ஒலிபெருக்கிகள் வைத்து, ஒன்றேமுக்கால் மணி நேரம். குதிரைக்குப் பக்கத்தில் தேநீர்க் கோப்பைகளை வைக்கப் பார்த்தார்கள். ஆய்வக அக்கா பலகைமேல் ஒரு துணியைப் போட்டு, அபாயம் என்று எழுதி வைத்தாள். என்ன அபாயம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு குழு அமைக்க வேண்டும்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நாற்காலி போட்டதும், வரவேற்புரை வாசித்ததும், அறிக்கை எழுதியதும் செயலாளர்தான். ஏழு மாதம் போயிற்று. திட்டப்பணி நோட்டில் முதல் பக்கத்தில் தலைப்பு இருந்தது. இரண்டாவது பக்கத்தில் இருந்து வெள்ளை.

எட்டாவது மாதத்தில் ஆலோசகரின் அறை வாசலில் போய் நின்றுகொண்டாள். இரண்டு நாள் நின்றாள். மூன்றாம் நாள் அவர் பீரோ சாவியைக் கொடுத்தார். ஆனால் தனியாகச் செய்தால் அது உன் வேலை, எல்லோரும் பார்த்தால்தான் மன்றத்தின் செயல்பாடு என்றார். சுற்றறிக்கை போயிற்று. நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள்.

அவள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். விளக்கை அணைத்த பிறகு யாரும் பேசக் கூடாது, நகரக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். விளக்கு அணைந்தது. தகட்டைத் தொட்டுப் பார்த்தே பொருத்தினாள். லேசருக்கு முன்னால் இருந்த கறுப்பு அட்டையைத் தூக்கினாள். குதிரை சிவப்பாக எரிந்தது. இருட்டுக்குள் அது மட்டும். ஒரு நொடி யாரும் மூச்சுவிடவில்லை.

பிறகு ஆலோசகர் கைதட்டினார். அவர் தட்டினால் எல்லோரும் தட்ட வேண்டும். நாற்பது நொடியும் தட்டினார்கள். பலகை, மேசை, சுவர் எல்லாம் சேர்ந்து தட்டின.

தகட்டைக் கழுவி எடுத்தபோது சாம்பல் நிறத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. எப்படிச் சாய்த்தாலும் சாம்பல்.

"ஒண்ணும் விழல சார். எல்லாம் அசைஞ்சிருச்சு."

"விழலைன்னா என்னம்மா? நடந்துச்சில்ல? நாப்பத்திரண்டு பேர் வந்தாங்கல்ல?" அவர் உண்மையாகவே அவளைத் தேற்றினார். "நீ விழுந்துச்சா விழலையான்னு பாக்கறே. நான் நடந்துச்சா நடக்கலையான்னு பாக்கறேன். வயசானா உனக்கும் புரியும்."

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. ஒட்டிய குதிரையைப் பெயர்த்து எடுத்து வந்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா ஒரு காயை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"இன்னும் எத்தனை தகடு இருக்கு?"

"ஒண்ணு."

"அப்ப ஏன் இப்பவே எடுக்கணும்? பொறுப்புக் குதிரை நல்லாத்தான் ஆடுது. நேத்துகூட இவரோட ராணியை வெட்டிச்சு."

தையல்காரர் அது கள்ள ஆட்டம் என்றார். மூடிக்கு முகம் இல்லாததால் அது எந்தப் பக்கம் பாயும் என்று முன்கூட்டியே தெரிவதில்லை என்றார்.

மறுநாள் ஆய்வகத்தில் அக்காவோடு உட்கார்ந்து யோசித்தாள். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு எடுக்க முடியாது. லேசரை எடுத்தாலே அது செயல்பாடு, செயல்பாடென்றால் கூட்டம்.

"வெளியே அனுப்ப முடியாதும்மா," என்றாள் அக்கா. "சும்மா நிக்க வைக்க முடியுமான்னு பாரு."

"இவங்க எப்பக்கா சும்மா நின்னிருக்காங்க?"

அக்கா ஒரு குடுவையைக் கழுவி முடித்தாள். "போன மாசம் நின்னாங்களே. அந்த வயசான கணக்கு வாத்தியார் செத்துப்போனப்ப. இரண்டு நிமிஷம். ஒரு இருமல்கூட இல்ல."

செயலாளர் எழுந்துபோய்க் கணினியில் உட்கார்ந்தாள்.

ஆலோசகருக்கு அப்போது பதினோரு செயல்பாடுகள் ஆகியிருந்தன. பன்னிரண்டாவது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. அவள் நீட்டிய தாளை இரண்டு முறை படித்தார். இருட்டுக்கு மௌன அஞ்சலி.

"இருட்டு செத்துப்போச்சா?"

"செத்துக்கிட்டிருக்கு சார். ஊர் முழுக்க விளக்கு. ராத்திரியில நட்சத்திரமே தெரியறதில்ல. அதனால எல்லாரும் விளக்கை அணைச்சிட்டு அஞ்சு நிமிஷம் மௌனமா நிக்கறோம்."

அவர் முகத்தில் நிஜமான துக்கம் வந்தது. ஆனால் ஐந்து நிமிடம் முடியாது என்றார். ஐந்து நிமிடம் துணைவேந்தர் மட்டத்துக்கு உரியது. பதிவாளருக்கு மூன்று. மற்ற எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும் இரண்டு.

இரண்டு போதும். ஒரு நிமிடம் பலகை அடங்க. நாற்பது நொடி தகட்டுக்கு. இருபது நொடி மிச்சம்.

படக்காரர்தான் குறுக்கே வந்தார். இருட்டில் எடுத்தால் இருட்டுத்தான் விழும், அதை எந்தச் சங்கமும் ஏற்றுக்கொள்ளாது என்றார். ஆலோசகர் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

"லேசர் எடுக்கும் சார்," என்றாள் அவள் அவசரமாக. "அதுவும் படம்தான். தகட்டுல விழும்."

"நான் விழுவேனா?"

"உங்க கேடயம் விழும் சார். குதிரைக்குப் பின்னால பலகையில வச்சிட்டு, தள்ளி நின்னீங்கன்னா."

அவர் கேடயத்தை மார்போடு சேர்த்துப் பிடித்தார். "தனியா வைக்கறதா? கேடயம் மட்டும் தெரிஞ்சா யாரு வாங்கினதுன்னு எப்படித் தெரியும்? கை தெரியணும்மா. குறைஞ்சபட்சம் கை."

"கையில பிடிச்சா அசையும் சார். அசைஞ்சா விழாது."

"நானா அசைவேன்? இருபத்தாறு வருஷமா போஸ் குடுக்கறேன்."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

"அப்ப பலகையைத் தொடாம பிடிச்சுக்கங்க சார். பலகையை மட்டும் தொட்டுடாதீங்க."

அஞ்சலி நாளில் கைப்பேசிகளை அக்கா ஒரு பக்கெட்டில் வாங்கி வெளியே வைத்தாள். கேமராவும் பக்கெட்டுக்குள் போயிற்று. படக்காரர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஐம்பது பேர் தலை குனிந்தார்கள். அக்கா நான்கு ட்யூப்லைட்டையும் அணைத்தாள்.

செயலாளர் கடைசித் தகட்டைத் தொட்டுப் பார்த்தே பொருத்திவிட்டு, மனதுக்குள் எண்ணினாள். பத்தில் யாரோ ஒருவர் காலை மாற்றினார். இருபதில் அடங்கிற்று. முப்பதில் ஒரு வயிறு கூவியது. அறுபதில் அட்டையைத் தூக்கினாள்.

குதிரை எரிந்தது. அதற்குப் பின்னால் கேடயம் எரிந்தது, அதைப் பிடித்த விரல்களும். சிதறிய சிவப்பில் ஆலோசகரின் முகம் மங்கலாகத் தெரிந்தது. படம் எடுக்கப்படுவது அவருக்குத் தெரிந்திருந்தது. லேசரைப் பார்த்து மெல்லச் சிரித்தார். ஒரு பக்கம் போதாது என்று கேடயத்தை மறுபக்கமும் லேசாகச் சாய்த்துக் காட்டினார். ஓசையே இல்லை. பலகையைத் தொடவும் இல்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

நூறில் அட்டையை இறக்கினாள். நூற்றிருபதில் விளக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது. தட்டட்டும். தகடு அதற்குள் அக்காவின் கறுப்பு உறைக்குள் போயிருந்தது.

கூட்டம் கலைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் தகட்டைக் கழுவினார்கள். காய வைத்தார்கள். அக்கா டார்ச் அடித்தாள். செயலாளர் தகட்டை நிமிர்த்திப் பிடித்தாள்; இப்போது அசையலாம்.

குதிரை நின்றது. கண்ணாடிக்குப் பின்னால், காற்றில். பிடரியில் அப்பாவின் நகம் போட்ட கீறல்கூட இருந்தது. அவள் தலையைச் சாய்த்தாள். மறுகாது தெரிந்தது. விரலை நீட்டித் தொடப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் கேடயத்தின் அளவில் ஒரு கறுப்பு ஓட்டை. ஓரத்தில் நான்கு விரல் அளவுக்கு அதைவிடக் கறுப்பு.

"குதிரை வந்திருச்சு," என்றாள் அக்கா. "சார் வரல."

ஆலோசகர் மறுநாள் பார்த்தார். டார்ச்சை அவரே வாங்கி அடித்தார். கேடயம் எங்கே என்று கேட்டார்.

"அசைஞ்சிருச்சு சார்."

"அது எப்படி? நான் அசையலையே. அப்படியே அசைஞ்சிருந்தா குதிரையும்தானே அசைஞ்சிருக்கணும்?"

"குதிரை மன்றத்துல உறுப்பினர் இல்ல சார்," என்றாள் அக்கா, குடுவையைத் துடைத்துக்கொண்டே.

அவர் தகட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். இதை எங்கேயும் காட்டக் கூடாது என்றார். மன்றம் இருந்த இடத்தில் ஓட்டை இருப்பதாகப் பேசுவார்கள். திட்டப்பணி அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன், அடுத்த வருடம் புதுத் தகடு வரட்டும், நிதானமாக எடுப்போம் என்றார். அடுத்த வருடம் என்று சொல்லும்போது அவர் குரலில் அன்பு இருந்தது. நல்ல செயலாளர் கிடைப்பது கஷ்டம்.

இத்தனை மாதம் நாற்காலி போட்டது அவள் கண்முன்னால் ஓடியது. பிறகு செயலாளர் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப பன்னிரண்டாவது செயல்பாட்டுக்குப் படம், சார்?"

அவர் அதை மறந்திருந்தார். அறிக்கை அனுப்பக் கடைசி நாள் மறுநாள். இருட்டுக்கு அஞ்சலி நடந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. பதினோரு செயல்பாட்டுக்குக் கேடயம் கிடையாது.

படக்காரரை வரச்சொன்னார். ஆலோசகர் தகட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். முகம் தானாகத் திரும்பியது. பளிச்.

படத்தைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தார்கள். தகடு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். குதிரை இல்லை. ஓட்டையும் இல்லை. வெளிச்சத்துக்கு மேலே ஆலோசகரின் முகம், தெளிவாக.

"இதுல ஓட்டையே தெரியலையே," என்றார் அவர். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அருமையா வந்திருக்கு. ஏம்மா, இதைத்தான் நீ சரியில்லைன்னு சொன்னியா?"

அவள் திட்டப்பணி அறிக்கையைத் திறந்து, கையெழுத்து இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். தகடு வெற்றிகரமாக எடுக்கப்பட்டது என்ற வரிக்குக் கீழே அவர் பெயரை எழுதி, தேதி போட்டார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதிகம் பேசாத மனிதர். தகட்டை டார்ச்சில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரலை நீட்டிக் குதிரையைத் தொடப் பார்த்தார். பின்னால் கறுப்பாக இருப்பது என்ன என்று கேட்டார். அசைந்த ஒரு பொருள் என்றாள். தலையாட்டிவிட்டு மதிப்பெண் போட்டார். மன்றத்துக்கு அந்த ஆண்டும் கேடயம் கிடைத்தது. ஆலோசகர் இப்போது இரண்டு கையிலும் கேடயம் வைத்திருந்தார். அவரிடம் கைகுலுக்க முடியவில்லை.

பலகையிலிருந்து குதிரையைப் பெயர்க்க அக்கா வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அடியில் கொஞ்சம் பசை ஒட்டிக்கொண்டு வந்தது.

மாலையில் அப்பாவும் தையல்காரரும் ஆட்டத்தின் நடுவில் இருந்தார்கள். அவள் கூடத்து விளக்கை அணைத்து டார்ச் அடித்தாள். அப்பா தகட்டுக்கு முன்னால் குனிந்து, பேருந்துக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல் இடமும் வலமும் பார்த்தார். தையல்காரர் தகட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"பின்னால கறுப்பா என்னம்மா?"

"எங்க மன்றம்ப்பா."

அப்பா இன்னும் ஒருமுறை பார்த்தார்.

விளக்கைப் போட்டதும் அவள் குதிரையை நீட்டினாள். அப்பா அதை வேட்டி நுனியில் துடைத்தார். பொறுப்பில் இருந்த மூடியைக் கட்டத்திலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதே கட்டத்தில் குதிரையை வைத்தார். யாரும் கைதட்டவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை.

"உங்க ஆட்டம்," என்றார் தையல்காரரிடம்.